டீசலுக்கு சி ஃபார்ம்: ராம்கோ தீர்ப்பு உங்கள் கிரஷருக்கு எவ்வளவு தூரம் உதவும்?

நீங்கள் கேட்டது ஒரே கேள்வி மாதிரி இருக்கிறது, பிரித்துப் பார்த்தால் மூன்று. கரூர் பக்கம் கல் குவாரியும் கிரஷரும் நடத்துகிறீர்கள். 2019, 2020 வருடங்களில் வெளிமாநில நிறுவனம் ஒன்றிடமிருந்து டேங்கர் டேங்கராக டீசல் எடுத்தீர்கள், சி ஃபார்ம் (குறைந்த வரியில் வாங்குகிறவர் விற்றவருக்குக் கொடுக்கிற அத்தாட்சித் தாள்) தருவீர்கள் என்ற கணக்கில் 2 சதவீத வரி போட்டு பில் வந்தது. இப்போது அந்த நிறுவனம் ‘உங்கள் சி ஃபார்ம் வந்து சேரவில்லை, வித்தியாச வரியைக் கட்டுங்கள்’ என்று கடிதம் போட்டிருக்கிறது. உள்ளூர் வரி அலுவலகத்தில் போய்க் கேட்டால், ஜிஎஸ்டி வந்த அன்றே உங்கள் சிஎஸ்டி (மத்திய விற்பனை வரி) பதிவு நம்பர் செத்துவிட்டது என்கிறார்கள். இதே மாதிரி டீசல் சி ஃபார்ம் தகராறில் சென்னை உயர் நீதிமன்றம் கொடுத்த ராம்கோ சிமெண்ட் தீர்ப்பைப் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார். அது உங்களுக்குப் பொருந்துமா, பொருந்தினால் இன்றைக்கும் அதே மாதிரி வாங்கலாமா, இது இரண்டும் நேரான கேள்விகள். கடைசியில் கோபத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, உற்பத்தி செய்கிறவனை மாநில அரசு இப்படிப் பிழியலாமா என்று, அது மூன்றாவது. அதற்கும் பதில் உண்டு, ஆனால் நீங்கள் எதிர்பார்க்கிற பதிலாக இருக்காது.

சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பொறுமை இல்லாதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். அந்தப் பழைய பில்களுக்குத் தீர்ப்பு உங்கள் பக்கம்தான். இன்றைக்கு அதே மாதிரி வாங்க முடியாது, ஏனென்றால் 2021-இல் சட்டத்தையே மாற்றிவிட்டார்கள். இடையில் இருக்கிற சிக்கல் எல்லாம் உங்கள் டீசல் எந்த வண்டியில், எந்த இயந்திரத்தில் எரிந்தது என்பதில்தான் இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு விரிவாக.

நான் வக்கீல் இல்லை. தமிழ்நாடு பொது விற்பனை வரிச் சட்டம் இருந்த காலத்திலிருந்து வரி ஆலோசகராக இருக்கிறேன். சி ஃபார்ம் புத்தகமாகக் கட்டி, வரிசை எண் போட்டு, செக் புத்தகம் மாதிரி அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்த காலத்தைப் பார்த்தவன். ஒரு தாள் தொலைந்தால் இழப்பீட்டுப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். என் கட்சிக்காரர் ஒருவரின் கணக்குப்பிள்ளை பஸ்ஸில் ஒரு ஃபார்மை விட்டுவிட்டு வந்து, அதற்காக அவரும் நானும் எட்டு மாதம் அலைந்தோம். அதனால் இந்தக் காகிதத்தின் மேல் எனக்குப் பிரியமும் இல்லை, அலட்சியமும் இல்லை.

முதலில் இந்த 2 சதவீதம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கலாம். ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குப் போகிற விற்பனைக்கு யார் வரி போடுவது என்பது அரசியல் சாசனம் வந்த புதிதிலேயே பெரிய தகராறு. கல்கத்தாவில் தடுப்பூசி மருந்து தயாரித்த பெங்கால் இம்யூனிட்டி என்ற நிறுவனத்திடம் பீகார் அரசு வரி கேட்டது. அந்த வழக்கில் 1955-இல் உச்ச நீதிமன்றம் பீகாருக்கு அந்த உரிமை இல்லை என்றது. அதற்குப் பிறகுதான் சாசனத்தின் ஆறாவது திருத்தமும் 1956-ஆம் வருட மத்திய விற்பனை வரிச் சட்டமும் வந்தன. பெயரில்தான் மத்திய வரி. வசூலிப்பது சரக்கு கிளம்புகிற மாநிலம், பணத்தை வைத்துக்கொள்வதும் அதே மாநிலம். பதிவு பெற்ற வியாபாரி மறுவிற்பனைக்கோ உற்பத்திக்கோ வாங்கினால் குறைந்த விகிதம், அதற்கு அத்தாட்சிதான் சி ஃபார்ம். அந்த விகிதம் நெடுங்காலம் 4 சதவீதமாக இருந்து, 2007-இல் 3 ஆகி, 2008 ஜூனிலிருந்து 2 ஆனது. ஃபார்ம் கொடுக்கவில்லை என்றால் விற்கிற மாநிலத்தின் உள்ளூர் விகிதம் முழுசாக விழும். உங்களிடம் இப்போது கேட்கிற வித்தியாச வரி அதுதான்.

2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தது. சிஎஸ்டி சட்டம் சாகவில்லை, மெலிந்தது. அதில் ‘சரக்கு’ என்றால் இனி ஆறே ஆறு என்று 2-ஆம் பிரிவை மாற்றினார்கள்: கச்சா எண்ணெய், டீசல், பெட்ரோல், இயற்கை எரிவாயு, விமான எரிபொருள், குடிக்கிற மது. இவை ஜிஎஸ்டிக்கு வெளியே நின்றன. ஆனால் யார் 2 சதவீதத்தில் வாங்கலாம் என்று சொல்கிற 8(3)(b) பிரிவை அன்றைக்கு யாரும் தொடவில்லை. அது பழையபடியே இருந்தது: மறுவிற்பனைக்கு, விற்பனைக்கான சரக்குகளை உற்பத்தி செய்ய அல்லது பதப்படுத்த, தொலைத்தொடர்பு வலையமைப்புக்கு, சுரங்கத்துக்கு, மின்சாரம் தயாரிக்க அல்லது விநியோகிக்க. இந்தப் பட்டியலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், வழக்கே இதில்தான் இருக்கிறது.

இங்கே தமிழ்நாட்டில் 2017 மார்ச்சில்தான் டீசல் மீதான வாட் வரியை 25 சதவீதமாக உயர்த்தியிருந்தார்கள். டீசல் நம் வாட் சட்டத்தில் இரண்டாம் அட்டவணைச் சரக்கு, முதல் விற்பனையிலேயே வரி முடிந்துவிடும், வாங்குகிறவருக்கு உள்ளீட்டு வரி வரவு (வாங்கும்போது கட்டிய வரியைத் தன் விற்பனை வரியில் கழித்துக்கொள்வது) கிடையாது. அதாவது கட்டிய வரி அப்படியே உங்கள் அடக்க விலையில் உட்கார்ந்துவிடும். கணக்குக்காக லிட்டர் அடிப்படை விலை 50 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உள்ளூரில் வாங்கினால் வரி 12 ரூபாய் 50 காசு. சி ஃபார்ம் போட்டு வெளியிலிருந்து வாங்கினால் 1 ரூபாய். பன்னிரண்டாயிரம் லிட்டர் டேங்கர் ஒன்றுக்கு 1,38,000 ரூபாய் வித்தியாசம், லாரி வாடகை போனாலும் நல்ல மிச்சம். சிமெண்ட் ஆலைகள் இதைக் கவனிக்காமல் இருக்குமா? சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் ஓடுகிற ஒவ்வொரு டம்பரும் டீசல் குடிக்கிறது. அரசுப் பக்கம் பார்த்தால், வெளியிலிருந்து வருகிற ஒவ்வொரு டேங்கரும் அந்த 25 சதவீதத்தை மொத்தமாகத் தின்றுவிட்டு, 2 சதவீதத்தை வேறு மாநிலத்துக்குக் கொடுக்கிறது. ஜிஎஸ்டிக்குப் பிறகு மாநிலம் தானே விகிதம் வைத்துக்கொள்ளக்கூடிய விற்பனை வரி என்று மிஞ்சியதே எண்ணெயும் சாராயமும்தான். வலி புரிகிறது. புரிவதால் மட்டும் அவர்கள் செய்தது சரி ஆகிவிடாது.

என்ன செய்தார்கள்? சட்டத்தை மாற்றுகிற அதிகாரம் மாநிலத்துக்கு இல்லை, அது நாடாளுமன்றச் சட்டம். அதனால் வணிகவரி ஆணையர் அலுவலகத்திலிருந்து கடிதம் போனது, இணையதளத்தில் சி ஃபார்ம் எடுக்கிற வழியை அடைத்தார்கள். காரணம் இப்படி: நீ தயாரிப்பது சிமெண்ட், சிமெண்ட் இப்போது சிஎஸ்டி சட்டத்தில் ‘சரக்கே’ இல்லை, அதனால் இந்தச் சட்டப்படி உனக்குக் கட்ட வேண்டிய வரியும் இல்லை, வரி இல்லை என்றால் நீ டீலர் இல்லை, டீலர் இல்லை என்றால் உன் பதிவுச் சான்றிதழ் வெறும் காகிதம், அப்புறம் எதை வைத்து ஃபார்ம் கேட்கிறாய்? உங்களிடம் அலுவலகத்தில் சொன்னது இந்த வாதத்தின் சுருக்கம்தான். கேட்பதற்கு ஒன்றோடொன்று பொருந்துகிற மாதிரி இருக்கும், நானும் முதலில் கொஞ்சம் தடுமாறினேன், பொய் சொல்வதில் அர்த்தமில்லை.

தமிழ்நாடு மட்டும் இப்படிச் செய்யவில்லை. ஹரியானாவில் எரிவாயுவிலிருந்து மின்சாரம் தயாரிக்கிற கார்போ பவர் என்ற நிறுவனம் குஜராத்திலிருந்து எரிவாயு வாங்கியது, ஹரியானா ஃபார்ம் தர மறுத்தது. 2018 மார்ச்சில் பஞ்சாப், ஹரியானா உயர் நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. அதை எதிர்த்த ஹரியானாவின் மனுவை அதே வருடம் ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அடுத்து 2018 அக்டோபர் 26 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி, ராம்கோ சிமெண்ட்ஸும் வேறு சிலரும் போட்ட ரிட் மனுக்களில் அதே முடிவுக்கு வந்தார். ஆச்சரியம் என்னவென்றால் ஒரு வாரத்துக்குள், நவம்பர் 1-ஆம் தேதி, மத்திய வருவாய்த் துறையே எல்லா மாநிலங்களும் பஞ்சாப் தீர்ப்பைப் பின்பற்றலாம் என்ற பொருளில் குறிப்பாணை அனுப்பியது. நம் அரசு அப்போதும் விடவில்லை, மேல்முறையீடு போனது. 2020-இல் இரு நீதிபதிகள் அமர்வு அதையும் தள்ளுபடி செய்து, ஆணையர் கடிதத்தை ரத்து செய்து, ஃபார்மை இணையத்தில் எடுக்க அனுமதிக்கச் சொன்னது. அசாம், ராஜஸ்தான், சத்தீஸ்கர், ஜார்கண்ட், ஒடிசா என்று அந்தந்த உயர் நீதிமன்றங்களும் இதே பக்கம்தான் நின்றன. சிமெண்ட்டும் எஃகும் துத்தநாகமும் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் இந்த வழக்கு இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தீர்ப்பின் சாரத்தை நான் கட்சிக்காரர்களுக்கு இப்படித்தான் விளக்குவேன். 8(3)(b)-இல் இரண்டு இடத்தில் சரக்கு வருகிறது. நீ வாங்குகிற சரக்கு, அதை வைத்து நீ செய்கிற சரக்கு. வாங்குகிற சரக்கு ஆறில் ஒன்றாக இருக்க வேண்டும், அது சரி, டீசல் ஆறில் ஒன்றுதான். செய்கிற சரக்கும் ஆறில் ஒன்றாக இருக்க வேண்டும் என்று சட்டம் எங்கே சொல்கிறது? சொல்லவில்லை. அப்படி இருக்க வேண்டும் என்று படித்தால் அந்தப் பட்டியலில் பாதி செத்துப்போகும். தொலைத்தொடர்பு நிறுவனம் டவர் ஜெனரேட்டரில் டீசல் ஊற்றி என்ன சரக்கு தயாரிக்கிறது? எதுவும் இல்லை. மின்சாரம் ஆறில் இருக்கிறதா? இல்லை. 2017-இல் 2-ஆம் பிரிவை மாற்ற உட்கார்ந்த நாடாளுமன்றம் இந்த வார்த்தைகளை எல்லாம் அப்படியே விட்டது. விட்டதை ஆணையர் அலுவலகம் ஒரு கடிதத்தால் அடித்துவிட முடியாது. பதிவுச் சான்றிதழும் அப்படித்தான், அதை முறைப்படி ரத்து செய்யாதவரை உயிரோடு இருக்கிறது. உங்கள் சிஎஸ்டி நம்பர் செத்துவிட்டது என்று அலுவலகத்தில் சொன்னார்கள் இல்லையா, ரத்து உத்தரவு தேதியும் எண்ணும் கேளுங்கள். இருந்தால் எனக்கு எழுதுங்கள், கதை மாறும். பெரும்பாலும் இருக்காது.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும், உங்கள் மூன்றாவது கேள்வி இதில் மாட்டிக்கொண்டிருக்கிறது. உற்பத்தியாளர் மீது இவ்வளவு வரி போடக்கூடாது என்று உயர் நீதிமன்றம் எங்கேயும் சொல்லவில்லை. 25 சதவீதம் அதிகம் என்று சொல்லவில்லை. டீசலுக்கு வரி விதிக்கிற அதிகாரம் அரசியல் சாசனத்தின் மாநிலப் பட்டியலில் 54-ஆம் இனத்தில், ஜிஎஸ்டியைக் கொண்டு வந்த 101-ஆவது திருத்தத்துக்குப் பிறகும், பத்திரமாக இருக்கிறது. மாநிலங்களுக்கு இடையே நடக்கிற விற்பனை மட்டும் அந்த இனத்தில் சேராது. அந்த வேலியைச் சுற்றறிக்கை மூலம் தாண்டப் பார்த்தார்கள், நீதிமன்றம் நிறுத்தியது, அவ்வளவுதான். பத்திரிகைகளில் இதை ‘ஆலைகளுக்குச் சலுகை’ என்று எழுதியபோது எனக்குச் சிரிப்பு வந்தது. புதிதாக யாருக்கும் எதுவும் கொடுக்கவில்லை. எழுதியிருந்ததை எழுதியிருந்தபடி படித்தார்கள்.

எழுதியிருப்பதை மாற்றினால் படிப்பதும் மாறும் இல்லையா, 2021-இல் அதுதான் நடந்தது. அந்த வருட நிதிச் சட்டத்தில் 8(3)(b)-ஐ வெட்டினார்கள். சுரங்கம் போனது, மின்சாரம் போனது, தொலைத்தொடர்பு போனது. இப்போது மறுவிற்பனை, அப்புறம் அந்த ஆறு சரக்குகளையே உற்பத்தி செய்வது அல்லது பதப்படுத்துவது, இரண்டு மட்டும்தான். சுத்திகரிப்பு ஆலை கச்சா எண்ணெய் வாங்கலாம், சிமெண்ட் ஆலை டீசல் வாங்க முடியாது. மறுவிற்பனையை ஏன் விட்டார்கள் என்று யோசித்தால் கணக்கு புரியும்: வெளியிலிருந்து 2 சதவீதத்தில் வாங்கி இங்கே விற்கிறவர் தமிழ்நாட்டில் முதல் விற்பனையாளர் ஆகிறார், முழு வரியையும் மாநிலத்துக்குக் கட்டியாக வேண்டும், அரசுக்கு நஷ்டம் இல்லை. ஓட்டை இருந்தது தானே வாங்கித் தானே எரிக்கிறவரிடம்தான், அதை அடைத்துவிட்டார்கள். நீங்கள் ‘இன்றைக்கும் வாங்கலாமா’ என்று கேட்டதற்குப் பதில் இதுதான், வாங்கி எரிக்க முடியாது. யாராவது ஏஜெண்ட் வந்து ராம்கோ தீர்ப்பைக் காட்டி இப்போதும் 2 சதவீதத்தில் டேங்கர் இறக்கித் தருகிறேன் என்றால் வாசலோடு அனுப்பிவிடுங்கள், அவர் கையில் இருப்பது காலாவதியான சட்டத்தின் மேல் வந்த தீர்ப்பு. மறைமுகமாக ஒரு லாபமும் இந்தத் திருத்தத்தில் உண்டு. பழைய வாசகத்துக்கு அரசு சொன்ன பொருள்தான் சரி என்றால் இவ்வளவு வார்த்தைகளை ஏன் வெட்ட வேண்டும் என்று உங்கள் வக்கீல் கேட்கலாம், நல்ல கேள்வி அது.

ஆக, 2017 ஜூலையிலிருந்து திருத்தம் அமலான நாள் வரை ஒரு ஜன்னல். உங்கள் 2019, 2020 பில்கள் அதற்குள் நிற்கின்றன. இதுவரை சொன்னதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஒரே ஒரு சின்ன எச்சரிக்கை: உச்ச நீதிமன்றம் ஆரம்பத்திலேயே ஒரு சிறப்பு அனுமதி மனுவைத் தள்ளுபடி செய்வது, உயர் நீதிமன்றத் தீர்ப்பைத் தானே எழுதி உறுதி செய்ததற்குச் சமம் இல்லை. 2000-இல் குன்ஹயம்மது வழக்கில் உச்ச நீதிமன்றமே இதைத் தெளிவாக்கியிருக்கிறது. அதனால் பதில் கடிதத்தில் ‘உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது’ என்று பெருமையாக எழுதாதீர்கள். சென்னை இரு நீதிபதிகள் அமர்வின் உத்தரவை முன்னால் வையுங்கள், தமிழ்நாட்டு அதிகாரியைக் கட்டுப்படுத்த அதுவே போதும்.

இனிமேல் சொல்வதெல்லாம் ‘பார்த்தால்தான் தெரியும்’ வகை. முதலாவது, உங்கள் தொழில் அந்தப் பிரிவுக்குள் வருகிறதா? பாறையை உடைத்து ஜல்லி ஆக்குவது உற்பத்தியா? அதிகாரி கெட்டிக்காரராக இருந்தால் லால் குவா ஸ்டோன் கிரஷர் வழக்கை எடுத்துப் போடுவார். 2000-இல் உச்ச நீதிமன்றம், கல்லை உடைத்தாலும் அது கல்தான், புதிய சரக்கு பிறக்கவில்லை என்றது. பயப்பட வேண்டாம். அது உத்தரப் பிரதேச விற்பனை வரியில் வேறு கேள்விக்கு வந்த பதில். இங்கே பிரிவு ‘உற்பத்தி அல்லது பதப்படுத்துதல்’ என்கிறது, ஜல்லி உடைப்பது பதப்படுத்துதல் கூட இல்லை என்று சொல்வது கடினம். குவாரிக்கு ‘சுரங்கம்’ என்ற வார்த்தை தனியாகவே இருக்கிறது. என் கணிப்பில் இதில் உங்கள் பக்கம் பலமாக இருக்கிறது. ஆனால் கூலிக்கு மற்றவர் பாறையை உடைத்துக் கொடுத்திருந்தால், அந்தப் பங்கு டீசலைப் பற்றி எனக்கு இவ்வளவு தைரியம் இல்லை, ‘விற்பனைக்கான சரக்கு’ அங்கே யாருடையது என்ற கேள்வி வரும்.

இரண்டாவது, டீசல் எங்கே எரிந்தது. இதில் 1964-இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த இந்தியன் காப்பர் கார்ப்பரேஷன் தீர்ப்பை நான் இன்றும் மேசையில் வைத்திருக்கிறேன். அப்போதைய பீகாரில் தாமிரச் சுரங்கம் நடத்திய நிறுவனம் அது. தாது தோண்டுவதும் உலோகம் எடுப்பதும் ஒரே தொடர் வேலை, இடையில் தாதுவைச் சுமக்கிற வண்டிகள், அவற்றின் டயர், உதிரிப் பாகம் எல்லாம் உள்ளே வரும், பிரம்புக் கூடை கூட வரும் என்றது நீதிமன்றம். தொழிலாளர் மருத்துவமனைக்கு வாங்கிய சாமான் வராது, அலுவலகக் காகிதம் பேனா வராது. இதை உங்கள் இடத்துக்குக் கொண்டு வாருங்கள். பாறையைத் தோண்டுகிற ஹிட்டாச்சி, துளை போடுகிற கம்ப்ரஸர், குவாரியிலிருந்து கிரஷருக்கு ஓடுகிற டிப்பர், கரண்ட் போனால் கிரஷரை ஓட்டுகிற ஜெனரேட்டர், இவற்றுக்குத் தைரியமாக நிற்கலாம். விற்ற ஜல்லியை வீடு கட்டுகிறவர் வாசலில் கொட்டப் போன டிப்பர்? அது உற்பத்தி முடிந்த பிறகு நடக்கிற வேலை, அதைச் சேர்க்காமல் இருப்பதே நல்லது. முதலாளியின் கார், வீட்டு ஜெனரேட்டர் பற்றிச் சொல்லவே வேண்டாம். என் கட்சிக்காரர் ஒருவர் மகள் கல்யாணத்துக்கு மண்டப ஜெனரேட்டருக்கே ஆலை பாரலிலிருந்து டீசல் எடுத்தார், டீசல் ரெஜிஸ்டரில் ‘கல்யாணம்’ என்று நேர்மையாக எழுதியும் வைத்திருந்தார். அதிகாரி அந்தப் பக்கத்தைத்தான் முதலில் திறந்தார்.

மூன்றாவது, உங்கள் சிஎஸ்டி பதிவுச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். வாங்க அனுமதிக்கப்பட்ட சரக்குகள் பட்டியலில் டீசல் பெயர் இருக்கிறதா? பலருக்கும் ‘இயந்திரங்கள், உதிரிப் பாகங்கள், மசகு எண்ணெய்’ என்று எழுதி அதோடு நின்றிருக்கும். பட்டியலில் டீசல் இல்லாமல் ஃபார்ம் கொடுத்திருந்தால் சிஎஸ்டி சட்டத்தின் தண்டனைப் பிரிவான 10(b) வருகிறது. டீசல் இருந்து, வேறு வேலைக்கு எரித்திருந்தால் 10(d). இரண்டுக்கும் வழக்குப் போடுவதற்குப் பதிலாக 10A-இல் அபராதம் போடலாம், வரியில் ஒன்றரை மடங்கு வரை. ஆனால் 10(b)-இல் ‘பொய்யாக’ என்ற வார்த்தை இருக்கிறது. தெரிந்தே சொன்ன பொய்க்கும், பட்டியலை ஒழுங்காகப் பார்க்காத அசட்டைக்கும் வித்தியாசம் உண்டு, அதை வைத்து அபராதம் நீங்கியதைப் பார்த்திருக்கிறேன். நீங்காததையும் பார்த்திருக்கிறேன்.

நான்காவது, தாமதம். ஒவ்வொரு காலாண்டு முடிந்து மூன்று மாதத்துக்குள் விற்றவர் ஃபார்மைத் தன் அதிகாரியிடம் கொடுக்க வேண்டும் என்பது மத்திய விதி 12(7). போதுமான காரணம் இருந்தால் அதிகாரி அவகாசம் தரலாம் என்றும் அதே விதி சொல்கிறது. இணையதளத்தை அரசே அடைத்து வைத்திருந்தது, நீதிமன்றம் தலையிட்டுத்தான் திறந்தது என்பதைவிடப் போதுமான காரணம் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் உத்தரவு வந்த பிறகும் நீங்கள் வருடக்கணக்கில் சும்மா இருந்திருந்தால் அதற்கு விளக்கம் சொல்லியாக வேண்டும். அந்த மாநிலத்தில் விற்றவரின் கணக்கு முடிவாகிவிட்டதா, மேல்முறையீட்டில் நிற்கிறதா என்பதைப் பொறுத்துதான் அங்கே ஃபார்மை ஏற்பார்களா இல்லையா என்பது. அவர் அனுப்பிய கடிதத்தில் இது இருக்கும், நீங்கள் கேள்வியில் எழுதவில்லை.

செய்ய வேண்டியது என்று கேட்டால், வித்தியாசப் பணத்தை உடனே அனுப்பாதீர்கள். முதலில் விற்றவருக்கு எழுத்தில் பதில் போட்டு, ஃபார்ம் எடுக்க நடவடிக்கை எடுக்கிறேன், உங்கள் வரி விதிப்பு உத்தரவின் நகல் அனுப்புங்கள் என்று கேளுங்கள். அதே வாரம் உங்கள் வட்ட அலுவலகத்தில், பில் எண், தேதி, லிட்டர், மதிப்பு எல்லாம் காலாண்டு வாரியாகப் போட்டு, 2018, 2020 உத்தரவுகளின் நகலோடு மனு கொடுத்து முத்திரை போட்டு வாங்குங்கள். வாயால் கேட்டால் வாயால்தான் மறுப்பார்கள், வாய் மறுப்பை வைத்து ரிட் போட முடியாது. எழுத்தில் மறுத்தால், அல்லது எழுத்தில் கேட்டும் பதிலே வராவிட்டால், வக்கீலிடம் போகலாம். அதற்கு மேல் அது என் வேலை இல்லை.

ஏற்கெனவே ஏதாவது வித்தியாச வரி கட்டியிருந்தால் அதுவும் தொலைந்த பணம் இல்லை. பஞ்சாப் தீர்ப்பிலேயே, ஃபார்ம் தவறாக மறுக்கப்பட்டதால் வாங்கியவர் கூடுதலாகக் கட்ட நேர்ந்தால் அதைத் திரும்பப் பெறலாம் என்று எழுதியிருக்கிறார்கள். 2020-இல் ஜே.கே. சிமெண்ட் வழக்கில் குஜராத் உயர் நீதிமன்றம், ராஜஸ்தானில் இருந்த வாங்கியவருக்கு, ஃபார்ம் பிறகு கிடைத்ததால், குஜராத் அரசு பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்றது. உங்கள் டேங்கர் குஜராத்திலிருந்து வந்திருந்தால் இது நேரடியாக உதவும். வேறு மாநிலம் என்றால் எடுத்துக்காட்டலாம், அங்கே அது கட்டாயம் இல்லை, அந்த மாநிலத்தில் விற்றவர் பெயரில்தான் மனு வர வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பார்கள். அப்போது விற்றவரின் ஒத்துழைப்பு வேண்டும். அதனால்தான் அவருக்கு இப்போது கோபமாகக் கடிதம் எழுத வேண்டாம் என்கிறேன்.

அடுத்த முறை எழுதும்போது பதிவுச் சான்றிதழின் சரக்குப் பட்டியல், விற்றவரின் கடிதம், டீசல் ரெஜிஸ்டரில் ஏதாவது ஒரு மாதம், இந்த மூன்றையும் பெயர், எண்ணை மறைத்துவிட்டுப் போடுங்கள். ரெஜிஸ்டரே இல்லை என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். மாத ஜல்லி உற்பத்தி, ஹிட்டாச்சி ஓடிய மணி, டிப்பர் நடை ஆகியவற்றை வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போட ஒரு வழி இருக்கிறது. கஷ்டமான வேலைதான், குவாரி நடைச்சீட்டுகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால் பாதி முடிந்த மாதிரி.